அழிக்காதே என்பது முதல் மனு

அக்கா மகனுக்கு இடது காது கேட்கவில்லை என்பது மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதுதான் தெரிந்தது. அக்கா வலப்பக்கம் நின்று பேசினால் பதில் சொன்னான். இடப்பக்கம் வந்து பேசினால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய இரவு ஒன்பதரைக்குக் காவல் நிலையத்துக்குள் போனவன், ஒன்றரை மணிக்கு ஒரு நோட்டீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்திருந்தான். நடந்ததை அவன் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன்கள் அடிவாங்கியதைச் சொல்ல மாட்டார்கள்.

இது 2024 நவம்பரில் நடந்தது. எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

வாகனச் சோதனையில் ஓட்டுநர் உரிமம் கையில் இல்லை என்பதில் தொடங்கியது எல்லாம். வண்டியோடு அவனையும் அழைத்துப் போனார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் மூன்றாம் நாள் கைக்கு வந்தபோது அதில் ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் வேறு கதை. நிலையத்தில் வைத்து விசாரித்தபோது ‘எதிரி’ தலைமைக் காவலரை ஆபாசமாகத் திட்டி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, பணிசெய்யவிடாமல் தடுத்தாராம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 132, பிரிவு 296(பி). முன்னது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடுவதுதான் பிழைப்பு. எங்கள் வீட்டுப் பையனை ‘எதிரி’ என்று தட்டச்சில் பார்த்தபோது கை தானாகப் பேனாவைத் தேடியது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் குற்றம்சாட்டப்பட்ட எவருக்கும் அதுதான் பெயர் என்று தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லை அடித்துத் திருத்த வேண்டும்போல இருந்தது.

அதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டோம். செவிப்பறையில் ஓட்டை. பணியில் இருந்த மருத்துவர் அதிகம் கேட்கவில்லை. விபத்துப் பதிவேட்டில், ‘தெரிந்த நபர்களால், நேற்று இரவு, காவல் நிலையத்தில் வைத்து, கையால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காகிதம்தான் எங்கள் பக்கத்து முதல் ஆவணம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இப்படிப் பதிவாகும் ஒவ்வொரு காயத்தைப் பற்றியும் மருத்துவமனை அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். தகவல் போய்ச் சேர்ந்தது அதே நிலையத்துக்கு.

அன்று மாலை நான் ஒரு மனு எழுதினேன். ‘காவல் கண்காணிப்பாளர் அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘தங்கள் பொற்பாதங்களில்’ என்று எழுதாத குறையாக நான்கு பக்கம். நீதி, மனிதாபிமானம், தாயின் கண்ணீர் எல்லாம் இருந்தன. அன்றிரவு நிலையத்தில் பதிவான காட்சிகளைத் தயவுகூர்ந்து எங்களுக்குக் காட்டும்படி கடைசிப் பத்தியில் கேட்டிருந்தேன்.

நண்பர் ஒருவர் வழியாகக் கிடைத்த வழக்கறிஞர் எங்கள் மகள் வயதுப் பெண். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“சார், இதில் கேட்க வேண்டியதைத் தவிர எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். பதிவைக் காட்டு என்று கேட்டால் அவர்கள் யோசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மாதத்தில் பதிவே இருக்காது. முதலில் அழிக்காதே என்று கேளுங்கள். காட்டு என்பது இரண்டாவது. நகல் கொடு என்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு மனு.”

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்தக் கடைசி நான்கு வாக்கியங்களுக்காகத்தான். அதுவரை பதிவு என்பது ஒரு பெட்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பொருள், கதவைத் திறக்க வைப்பதுதான் நம் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது வெயிலில் வைத்த பனிக்கட்டி. அனுமதிக்காகக் காத்திருக்கும்போதே கரைகிறது.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சாதாரணத் தெளிவுள்ள ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் ஆகும். எட்டுக் கேமரா என்றால் நாளொன்றுக்கு 173 ஜிகாபைட். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. எங்கள் நிலையத்தில் இருந்தது 4 டெராபைட் என்று பின்னால் தெரிந்தது. அதற்கு ஆயுள் 23 நாள். 24ஆம் நாள் காட்சி முதல் நாள் காட்சியின்மேல் போய் உட்காரும். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரணைக்குப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம் சொல்லியிருந்தார். அந்த நிலையத்தின் கருவியில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. இடம் போதாமல் அழிவது வேறு, இடம் இருக்கும்போதே அழிவது வேறு. செய்தித்தாளில் அதைப் படித்தபோது ஒரு நிமிடம் திகைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான் நானும்.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ரோஹின்டன் நரிமன் தலைமையிலான மூவர் அமர்வு. நாட்டில் உள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம், கழிவறைக்கு வெளியே என்று ஒரு வீட்டுக்காரம்மா பெருக்க வேண்டிய இடங்களைச் சொல்வதுபோல எண்ணிச் சொன்னது. இருட்டிலும் தெரிய வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் சேமிக்க வேண்டும், அப்படிப்பட்ட கருவி சந்தையில் இல்லையென்றால் குறைந்தது ஓராண்டு. நான் மேலே போட்ட கணக்கின்படி 18 மாதத்துக்கு ஏறத்தாழ 95 டெராபைட் வேண்டும். எங்கள் நிலையத்தில் இருந்தது நான்கு.

நிலைய வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. இங்கே கேமரா இருக்கிறது, உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்திடமோ மனித உரிமை நீதிமன்றத்திடமோ காவல் கண்காணிப்பாளரிடமோ முறையிடலாம், பதிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் பாதுகாக்கப்படும், பாதிக்கப்பட்டவருக்கு அதைப் பத்திரப்படுத்தக் கோரும் உரிமை உண்டு. இவ்வளவும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும். எங்கள் நிலைய வாசலில் ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று மட்டும் இருந்தது. அதில் வல்லொற்று ஒன்று தப்பு. அதைத் திருத்தச் சொல்லும் நிலையில் நான் அப்போது இல்லை.

வழக்கறிஞர் எழுதிய பாதுகாப்புக் கோரிக்கை ஒரே பக்கம். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தெந்தக் கேமரா, எந்தத் தீர்ப்பு. அவ்வளவுதான். நேரத்தை மட்டும் நான் ஒன்பதரை முதல் ஒன்றரை வரை என்று எழுதச் சொன்னேன். அவர் எட்டரை முதல் இரண்டரை என்று மாற்றினார். “அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை யாரும் திருத்துவதில்லை சார். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் கூட்டிக் கேளுங்கள்.” இதன் அருமை ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கடிதம் நிலைய ஆய்வாளருக்கு, காவல் கண்காணிப்பாளருக்கு, நிலையக் கேமராக்களைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் இருக்கும் ஆட்சியருக்கு, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு என்று நான்கு இடத்துக்குப் பதிவஞ்சலில் ஒப்புகை அட்டையோடு போனது. நிலையத்துக்கு நேரிலும் கொண்டுபோனேன். பாராவில் நின்ற காவலர் என்னை ரைட்டரிடம் அனுப்பினார். ரைட்டர், ஐயா வரட்டும் என்றார். ஐயா வந்தார், தபாலில் அனுப்பியாயிற்றே, பிறகு எதற்கு என்றார். மூன்று மணி நேரம் காத்திருந்து, முத்திரை வைத்த நகல் இல்லாமல் திரும்பினேன். ஒப்புகை அட்டைகள் நான்கும் ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தன. மஞ்சள் அட்டையில் யாரோ கிறுக்கிய கையெழுத்தைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பமும் போட்டோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. இந்த வழியை நான் பெரிதாக நம்பினேன், வழக்கறிஞர் நம்பவில்லை. சட்டம் 30 நாள் தருகிறது, 4 டெராபைட் 23 நாள்தான் தருகிறது. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று பிரிவு 7 சொல்கிறதே என்றேன். “அது அவர்களுக்கும் தெரிய வேண்டுமே” என்றார். ஆனால் விண்ணப்பத்தில் காட்சி நகல் கேட்டதோடு நிறுத்தாமல் அவர் வேறு சில கேள்விகளையும் சேர்த்தார். நிலையத்தில் எத்தனை கேமரா, எத்தனை நாள் சேமிப்பு, கடந்த ஓராண்டில் கேமரா பழுது என்று மாவட்டக் குழுவுக்கு எழுதிய கடிதங்களின் நகல். கடைசிக் கேள்வி எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நீதிமன்ற மனு தனி. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91 என்று இருந்தது. விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ பொருளையோ மின்னணுப் பதிவையோ முன்னிலைப்படுத்தும்படி நீதிமன்றம் யாருக்கும் ஆணையிடலாம். அரசு வழக்கறிஞர் முதல் நாளே எழுந்து, எதிரிக்கு இப்போது அந்த உரிமை இல்லை என்றார். தேவேந்திர நாத் பதி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார். குற்றம்சாட்டப்பட்டவர் தன் தரப்புச் சாட்சியம் தரும் கட்டத்தில்தான் சாதாரணமாக இப்படிக் கேட்க முடியும் என்பது அதன் சாரம். அந்தக் கட்டம் வர மூன்று ஆண்டாகலாம், ஐந்து ஆண்டாகலாம்.

எங்கள் வழக்கறிஞர் அதை மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. முன்னிலைப்படுத்துவது பிறகு இருக்கட்டும், இன்றைக்கு நான் கேட்பது அழியாமல் காப்பது மட்டும்தான் என்றார். இன்று காக்காவிட்டால் அந்தக் கட்டம் வரும்போது கேட்கப் பொருளே இருக்காது. பையன் வழக்கில் எதிரி மட்டுமல்ல, ஏ.ஆர். காப்பியின்படி காயம்பட்டவனும்கூட. காயம்பட்டவனுக்குப் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கும் உரிமை 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. புலன்விசாரணை அதிகாரி தரமான ஆதாரத்தை ஒதுக்கி வைத்திருந்தால் அதை வரவழைக்க நீதிமன்றத்துக்குத் தடையில்லை என்று நித்ய தர்மானந்தா வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இடைக்கால உத்தரவு 19ஆம் நாள் கிடைத்தது. குமாஸ்தா நகல் பிரிவில் நின்று அன்று மாலைக்குள் சான்றிட்ட நகலை வாங்கிவிட்டார். 20ஆம் நாள் நிலையத்தில் கொடுத்தோம். 21ஆம் நாள் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, மகஜர் எழுதி, அரக்கு வைத்தார்கள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

29ஆம் நாள் தகவல் உரிமைப் பதில் வந்தது. காட்சி நகல், பிரிவு 8(1)(எச்)இன்படி புலன்விசாரணைக்கு இடையூறு என்பதால் வழங்க இயலாது. விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது, எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் என்பவர் வழக்கில் 2007இலேயே சொல்லிவிட்டது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

என் தொழில் காரணமாக அரசுக் கடிதங்களை நான் ரசித்துப் படிப்பவன். இல்லை என்று சொல்ல அவர்களிடம் எத்தனை சொற்கள்! ‘பதிவு இல்லை’ என்றால் ஒரு பொருள். ‘பதிவு கைவசம் இல்லை’ என்றால் வேறெங்கோ இருக்கலாம். ‘கிடைக்கப்பெறவில்லை’ என்றால் தேடினார்களா என்பதே தெரியாது. ‘வழங்க இயலாது’ என்றால், இருக்கிறது, தர மாட்டோம். எங்களுக்கு வந்தது கடைசிச் சொல். அதைப் படித்தவுடன் பாதி நிம்மதி.

கடைசிக் கேள்விக்கு வந்த பதில் இது: ‘மேற்படி காலத்தில் அவ்வாறான கடிதம் ஏதும் அனுப்பப்படவில்லை.’ தட்டச்சு செய்தவர், எங்கள் நிலையத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற பெருமையோடுதான் அதை அடித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து நீதிமன்றத்தில் காவல் துறையின் பதில் மனு தாக்கலானது. ஹார்டு டிஸ்க் பாதுகாப்பாக உள்ளது, ஆனால் சம்பவ நாளன்று தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கேமராக்கள் இயங்கவில்லை, ஆகவே அதை ஆய்வுக்கு அனுப்புவது வீண் செலவு என்றது அது.

வழக்கறிஞர் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்து நடுவரிடம் கொடுத்தார். 2020 தீர்ப்பின்படி, கேமரா பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் குழுவுக்கு எழுத வேண்டும். பழுதான காலத்தில் யாரைக் கைது செய்தார்கள், யாரை விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் அனுப்ப வேண்டும். கடிதம் எதுவும் அனுப்பவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கேமரா ஓடியது. இல்லையென்றால் ஓடாததை மறைத்தார்கள். நடுவர் இரண்டையும் படித்துவிட்டு அரசு வழக்கறிஞரை நிமிர்ந்து பார்த்தார். அவர் தன் காகிதக் கட்டுக்குள் எதையோ தேடத் தொடங்கினார். டிஸ்க் தடய அறிவியல் துறைக்குப் போனது.

அது திரும்பிவர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா. இந்தக் காலத்தில்தான் இரவுகளில் மற்ற நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. காவலர்கள் சட்டையில் அணியும் கேமராவின் பதிவு அங்கே பொது ஆவணமே அல்ல. பதிவில் இருப்பவருக்குக் காட்டுவது ஒன்று, நகலை வெளியே கொடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். கடல்தாண்டியும் அதே பிரிவினைதான். ‘காட்டு’ வேறு, ‘கொடு’ வேறு.

வந்த அறிக்கையோடு ஒரு சான்றிதழும் இருந்தது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ். பழைய சட்டத்தில் 65பி என்பார்கள். அது இல்லாமல் மின்னணு நகல் சாட்சியமாகாது என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சட்டத்தில் அது இரண்டு பகுதி. பதிவை ஒப்படைப்பவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் மற்றொன்றில். இரண்டிலும் ‘ஹாஷ்’ மதிப்பு என்று ஒரு நீண்ட வரிசை, எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் மொத்த வரிசையும் வேறாகிவிடுமாம். எங்கள் தொழிலுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை நூல்களின் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும்! இரண்டு பகுதியிலும் அந்த 64 குறிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வழக்கறிஞர் சிரித்தார். சரியாக இருந்தன.

2025 ஏப்ரலில் ஒரு பிற்பகல், நீதிமன்ற அலுவலக அறையில் பார்க்க அனுமதி கிடைத்தது. பழைய கணினி, அதைவிடப் பழைய மின்விசிறி. நடுவர் முன்னிலையில் நாங்கள் நான்கு பேர், அரசு வழக்கறிஞர், புலன்விசாரணை அதிகாரி. ஒலி இல்லை. படத்தோடு ஒலியும் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லி நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியும், அந்த நிலையத்தில் எல்லோரும் ஊமைகள்.

முதலில் தெரிந்தது அக்கா. வாசல் கேமராவில், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். திரையில் நேரம் 9.52. அன்று அவள் எனக்குப் பேசியது 9.38க்கு. என் கைப்பேசிப் பட்டியலில் இருக்கிறது. பெட்டியின் கடிகாரம் 14 நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. நான் சொன்னபடி ஒன்றரை மணிவரை என்று கேட்டிருந்தால், கையெழுத்து வாங்கிய கடைசிப் பதினான்கு நிமிடம் உத்தரவுக்கு வெளியே போயிருக்கும்.

பிறகு கூடத்துக் கேமரா. 10.41. பையன் ரைட்டர் மேசை முன் நிற்கிறான். வாய் அசைகிறது. கை நீட்டிப் பேசுகிறான். இதை எழுத எனக்குத் தயக்கம்தான், ஆனால் எழுதாமல் விட்டால் நானும் ஒரு காட்சியை அழித்தவனாவேன். அவன் மரியாதையாகப் பேசவில்லை என்பது ஒலி இல்லாமலே தெரிந்தது. மேசைமேல் இருந்த பதிவேட்டை உள்ளங்கையால் தள்ளினான். அது சறுக்கிக்கொண்டு போனது, தலைமைக் காவலர் விழாமல் பிடித்தார். அரசு வழக்கறிஞர் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓட்டச் சொன்னார். அக்கா தலைகுனிந்துகொண்டாள். “நீ திட்டவேயில்லை என்றாயே” என்று அவனிடம் நான் கேட்டேன். “திட்டினேன் மாமா” என்றான். ஐந்து மாதத்தில் அந்த இரவைப் பற்றி அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஆனால் அவன் கை யார் நெஞ்சிலும் படவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. இருவருக்கும் இடையே மேசை இருக்கிறது. மேசையைத் தாண்டிக் கை எட்டாது.

10.49. ஒருவர் அவன் தோளைப் பிடித்து ஆய்வாளர் அறைக்குள் அழைத்துப் போகிறார். கதவு சாத்தப்படுகிறது. கூடத்தில் ரைட்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். தாழ்வாரக் கேமராவில் அக்கா மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சரியாகப் பதினொரு மணிக்குக் கதவு திறக்கிறது. அவன் இடது உள்ளங்கையைக் காதின்மேல் வைத்துக்கொண்டு வெளியே வருகிறான். சுவரில் சாய்ந்து நிற்கிறான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் அறைக்கு உரியது நான்காவது கேமரா. அதன் கோப்பு வெறுமை. அன்று மட்டுமல்ல, டிஸ்கில் இருந்த அத்தனை நாளுக்கும் வெறுமை என்று ஆய்வறிக்கை சொல்கிறது.

பதினொரு நிமிடத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை இனி எந்தப் பதிவும் சொல்லாது. ஒரு காதோடு உள்ளே போனவன் வேறொரு காதோடு வெளியே வந்தான் என்பதை மட்டும் கூடத்துக் கேமரா சொல்கிறது. அது போதுமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். போதும் என்று நினைப்பவன் நான். ஆனால் நான் அவன் மாமா.

நகல் கேட்டுப் போட்ட மூன்றாவது மனுவும் அனுமதிக்கப்பட்டது. நினைவக அட்டையில் இருப்பதும் ஆவணமே, குற்றம்சாட்டப்பட்டவருக்கு அதன் நகல் தரப்பட வேண்டும் என்று 2019இல் கேரள நடிகர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு உதவியது. அந்த வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி நடிகருக்கு நகல் தராமல் பார்க்க மட்டும் அனுமதித்தார்கள். எங்கள் பதிவில் அப்படி மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. உறையிட்ட பென்டிரைவ் அக்கா வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் அதை இன்னும் திறக்கவில்லை.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிலையக் கேமராக்கள் இயங்காதது பற்றித் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. ராஜஸ்தானில் ஏழெட்டு மாதத்துக்குள் காவலில் 11 பேர் இறந்ததாக ஒரு நாளிதழில் வந்த செய்திதான் காரணம். வழக்கறிஞர் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் அனுப்பி, கீழே ‘நான்காவது கேமரா’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதைப் பற்றித்தான் அடுத்த மனு. ஆய்வாளர் அறைக் கேமரா எந்தத் தேதியில் பழுதானது, அதை யார் கண்டுபிடித்தார், யாருக்கு எந்தக் கடிதத்தில் தெரிவித்தார், கடிதம் இல்லையென்றால் ஏன் இல்லை. இம்முறை வரைவை நானே எழுதினேன். ஒரு பக்கம்தான். வழக்கறிஞர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். ஒரே ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வரியில் பழக்கதோஷத்தில் நுழைந்துவிட்ட ‘தயவுகூர்ந்து’.